அத்தியாயம் 6: திரையில் முதலில் தரையைப் பாருங்கள்

எக்கோ சவுண்டர் திரையில் 'இப்போது' என்பது வலது ஓரத்தில் விழும் ஒரே ஒரு கோடு மட்டும்தான். அதற்கு இடப்பக்கம் தெரிவதெல்லாம் படகு தாண்டி வந்துவிட்ட கடல். இதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள், திரையின் நடுவில் ஒரு சிவப்புத் திட்டைக் கண்டதும் அங்கேயே வலையை இறக்கிவிட்டு வெறும் வலையை இழுக்கிறார்கள். "அண்ணே, நடுவுல கூட்டம் நிக்குதுண்ணே" என்று பையன் கத்துவான். "நிக்கலடா, அது தாண்டிப் போச்சு. படகத் திருப்பு" என்று சொல்லத் தெரிந்தவர் படகில் ஒருவராவது இருக்க வேண்டும்.

படகு நங்கூரத்தில் நிற்கும்போதும் படம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். கீழே ஒரே ஒரு மீன் அசையாமல் நின்றாலும், அது திரையில் நீண்ட கோடாக இழுபடும். அந்தக் கோட்டைப் பெரிய மீன் என்றோ மீன் வரிசை என்றோ எண்ணிவிடக் கூடாது. கோட்டின் நீளம் அந்த மீன் நமக்குக் கீழே நின்ற நேரத்தைத்தான் சொல்கிறது.

கருவிக்குத் தெரிந்தவை இரண்டே: அனுப்பிய ஒலி எத்தனை நேரத்தில் திரும்பி வந்தது, எவ்வளவு பலமாக வந்தது. நேரத்தை ஆழமாகவும் பலத்தை நிறமாகவும் மாற்றிக் காட்டுகிறது. மீன், பார் (கடலடிப் பாறை), சேறு, சொறி (ஜெல்லி மீன்) என்று பெயர் வைப்பது நம் வேலை. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு போதும். நம் கடல் சூடானது. 28, 29 டிகிரியில் ஒலியின் வேகம் 1,540-ஐத் தொடும். 1,500 என்று கணக்கு வைத்திருக்கும் கருவி, உண்மையில் 41 மீட்டர் இருக்கும் இடத்தை 40 என்று காட்டும். மீன்பிடிக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் பெரியவர் ஈயக்குண்டு விட்டுச் சொல்லும் பாகக் கணக்கும் திரையில் வரும் மீட்டரும் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தால், அதற்காக அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு பாகம் ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர். 20 பாகம் என்றால் ஏறக்குறைய 36 மீட்டர் 60 சென்டிமீட்டர். இந்தக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கட்டும். இந்த அத்தியாயத்தின் கடைசியில் அது தேவைப்படும்.

ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரிலிருந்து அது கீழ்நோக்கி டார்ச் வெளிச்சம்போல் விரிந்துகொண்டே போகும். 200 கிலோஹெர்ட்ஸில் அந்த விரிவு பெரும்பாலும் 20 டிகிரிக்குள் இருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அது மூன்றரை மீட்டர் அகலத்தையும், 30 மீட்டரில் பத்தரை மீட்டர் அகலத்தையும் மூடும். 50 கிலோஹெர்ட்ஸில் விரிவு 45 டிகிரி அளவுக்குப் போகும். அப்போது அதே 30 மீட்டரில் 25 மீட்டர் அகலம் மூடும். அகலம் கூடினால் நல்லதுதானே என்று பலர் 50-லேயே ஓட்டுகிறார்கள். தூண்டில்காரர்களுக்கு அது நட்டம். ஏன் என்பதைத் தரையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கரையில் இழுக்கும் படகில் டிரான்ஸ்டியூசர்

கருவியோடு வரும் கையேடுகள் எல்லாம் துறைமுகத்தில் மிதந்து நிற்கும் படகுக்காக எழுதப்பட்டவை. நம் குப்பங்களில் துறைமுகம் இல்லை. கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என எங்கும் அலையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறோம், மணலில் உரசித்தான் கரையேறுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கரை மட்டும் மாறவில்லை. பின்பலகையில் அடித்து இறுக்கிய டிரான்ஸ்டியூசர் சில நாளிலேயே மணலில் உரசி முகம் தேயும், அல்லது டிராக்டர் இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு போகும்.

ஆகவே தூக்கி மடக்கும்படி அமையுங்கள். ஒரு துருப்பிடிக்காத இரும்புக் குழாயின் அடியில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தி, குழாயைப் பின்பலகையில் கீல் வைத்து மாட்டினால், அலையைத் தாண்டும்வரை மேலே தூக்கிக் கட்டிவைக்கலாம். அலையடிக்கும் இடத்தில் கருவி எதையும் காட்டப் போவதில்லை. அங்கே தண்ணீர் முழுக்கக் காற்றுக் குமிழி, குமிழியைத் தாண்டி ஒலி போகாது. இறக்கியபின் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, குமிழி ஓடாத தண்ணீரில் இருக்க வேண்டும். புரொப்பெல்லரை விட்டுத் தள்ளி, அதன் இலைகள் மேலிருந்து கீழே வரும் பக்கத்தில் மாட்டுங்கள். அவுட்போர்டு எஞ்சின்களில் அது பெரும்பாலும் வலப்பக்கம்.

படகின் உள்ளே ஒட்டிவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே கெட்டியான ஃபைபர் அடுக்கு உள்ள இடத்தில், நடுவில் காற்று புகாமல் எபாக்ஸி வைத்து ஒட்டினால் வேலை செய்யும், பலம் கொஞ்சம் குறையும். நடுவில் பலகையோ ஃபோமோ உள்ள இடத்தில் ஒட்டினால் வேலைக்கு ஆகாது.

லாங் டெயில் டீசல் எஞ்சின் படகுகளில் பேட்டரி சார்ஜ் ஆக வழி இருக்காது. கருவிக்கென்று மூடிய வகை 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக வையுங்கள். சிறிய கருவி சுமார் ஒரு ஆம்பியர்தான் எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு விடியற்காலை ஓட்டத்துக்குத் தாங்கும். வோல்டேஜ் இறங்கினால் எதிரொலியும் மங்கும், மீன் இல்லை என்று தவறாகத் தோன்றும்.

தரை

முதலில் தரையைப் படியுங்கள், பிறகு மீனைத் தேடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மீன் இடம் மாறும், பார் அங்கேயே கிடக்கும். தரையை அறிந்தவருக்கு இன்று மீன் தெரியாவிட்டாலும் நாளை எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

சேற்றுத் தரை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். திரையில் அது மெலிந்த, மங்கலான கோடாக வரும். மணல் தரை கொஞ்சம் தடிப்பாக, ஒரே சீராக ஓடும். பார் வந்தால் நிறம் அழுத்தமாகும், மேல் விளிம்பு கரடுமுரடாகும், கீழே வால் நீளும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒலிபெருக்கத்தை, அதாவது கெயினை, யாராவது கூட்டி வைத்திருந்தால் சேறும் பாறைபோலத் தெரியும்.

நம்பத்தக்க அடையாளம் இரண்டாம் எதிரொலி. தரையில் மோதி மேலே வந்த ஒலி, நீர்மட்டத்திலும் படகின் அடியிலும் பட்டு மறுபடி கீழே போய்த் திரும்பும். 12 மீட்டரில் தரை என்றால் 24 மீட்டரில் இன்னொரு தரை மங்கலாகத் தெரியும். கெட்டித் தரைதான் இரண்டு முறை திருப்பியனுப்பும் பலம் கொண்டது. சேற்றில் இரண்டாம் கோடு அறுந்துவிடும். இதைப் பார்க்க வேண்டுமானால் திரையின் ஆழ வீச்சு உண்மையான ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் கருவி வீச்சைத் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடும், இரண்டாம் கோடு திரைக்கு வெளியே போய்விடும். இந்தக் கரையில் ஃபைபர் படகு ஓடும் ஆழம் குறைவுதான். தரை தேடும்போது வீச்சை நீங்களே கூட்டி வையுங்கள்.

திரை சொன்னதை ஈயக்குண்டால் சரிபாருங்கள். குண்டின் அடியில் உள்ள குழியில் கிரீஸோ சோப்போ அப்பி இறக்கினால் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் கிரீஸில் வடு மட்டும் விழுந்தால் அது பார். அந்த நிமிடத்தில் திரையை அலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியில், உங்கள் படகில், சேறு எப்படி, மணல் எப்படி, பார் எப்படி என்ற மூன்று படம் கையில் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. பாலாற்றில் பெருவெள்ளம் வந்த பிறகு முகத்துவாரத்துக்கு வெளியே தரை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் முன்பு எடுத்த படத்தை அப்படியே நம்ப முடியாது.

பழகிக்கொள்ள மாமல்லபுரத்தைப் போன்ற இடம் இந்தக் கரையில் வேறில்லை. கடற்கரைக் கோயிலுக்கு எதிரே தண்ணீருக்குள் கல் கிடக்கிறது என்பது குப்பத்துக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது வரிசையாகக் கற்கள் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2002-இல், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழுவும் இங்கே மூழ்கிப் பார்த்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்போல அடுக்கிய கற்களும் சதுரித்த கற்களும் இருப்பதாக அறிவித்தன. 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் சேர்ந்து சோனார் கொண்டு இப்பகுதியை அளந்தன.

அவர்கள் கொண்டுவந்த சைட் ஸ்கேன் சோனாருக்கும் நம் படகில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. நம்முடையது நேர் கீழே மட்டும் பார்க்கும். சைட் ஸ்கேன் இரு பக்கமும் தாழ்வான கோணத்தில் ஒலியை வீசும். நிமிர்ந்து நிற்கும் கல் ஒலியை மறைப்பதால் அதன் பின்னால் நிழல் விழும். நிழலின் நீளத்தை வைத்துக் கல்லின் உயரத்தைக் கணக்கிடலாம். இப்போது கார்மின், லோரன்ஸ் போன்ற நிறுவனங்களின் சில சிறிய கருவிகளிலேயே இந்த வசதி வந்துவிட்டது. அதில் படிக்க வேண்டியது கல்லைவிட நிழலை. ஆனால் எந்தச் சோனாராலும் அது மனிதன் வைத்த கல்லா, தானாகக் கிடக்கும் பாறையா என்று சொல்ல முடியாது. ஆய்வாளர்களே முக்குளிப்பவர்களை இறக்கிக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசினார்கள்.

மார்ச் மாதத்தைப் போலக் கடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில், அந்த இடத்தை அறிந்த ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு, அலை உடையும் இடத்துக்கு வெளியே மெதுவாக வடக்கு தெற்காக ஓட்டிப் பாருங்கள். மணல் கோடு எங்கே முறிகிறது, கல் எப்படி எழும்புகிறது, இரண்டாம் எதிரொலி எங்கே தோன்றுகிறது என்று கவனியுங்கள். வலையும் நங்கூரமும் போட வேண்டாம். வலை கிழிவது ஒருபுறம் இருக்க, அந்தக் கற்கள் இன்னும் ஆராயப்பட வேண்டியவை.

இனி, 50 கிலோஹெர்ட்ஸ் ஏன் தூண்டில்காரருக்கு நட்டம் என்பது. தரையின் முதல் எதிரொலி நேர் கீழிருந்து வருகிறது. விரிவின் ஓரத்தில் தரையை ஒட்டி நிற்கும் மீன் சாய்வாக இருப்பதால் படகுக்குத் தரையைவிடத் தூரம். அதன் எதிரொலி தரைக்குள் புதைந்துவிடும். 30 மீட்டர் ஆழத்தில், 20 டிகிரி விரிவின் ஓரத்தில், தரையிலிருந்து அரை மீட்டருக்குள் நிற்கும் மீன் தெரியாது. 45 டிகிரி விரிவில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே நிற்கும் மீன்கூட மறைந்துவிடும். களவாயும் சங்கராவும் நிற்பதே அந்த இரண்டு மீட்டருக்குள்தான். பாருக்கு மேல் 200-இல் ஓட்டுங்கள். ஆழக்கடலுக்குப் போகிறவர்களுக்கு 50 பயன்படும்.

தரை நெளிநெளியாக ஓடினால் மணல்மேடு என்று அவசரப்படாதீர்கள். அலையில் படகு ஏறி இறங்கினாலும் கோடு நெளியும். நடுத்தண்ணீரில் தெரியும் குறிகளும் அதே தாளத்தில் நெளிந்தால் ஆடுவது படகு.

மீன்

மீன் என்றால் வில்போல வளைந்த குறி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மீன் விரிவின் ஓரத்தில் நுழையும்போது தூரம் கூடுதல், நேர் கீழே வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி கூடுதல். அதனால் வளைவு. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அந்தக் கூடுதல் தூரம் 15 சென்டிமீட்டர்தான். திரையில் அது ஓரிரு புள்ளி. ஆழம் குறைந்த இடத்தில் வளைவு தெரியவில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம். சிறிய கோடும் புள்ளியும் மீனாக இருக்கலாம். வளைவின் நீளத்தை வைத்து மீனின் அளவைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது படகின் வேகத்தைப் பொறுத்தது. குறியின் தடிப்பும் நிறமும்தான் ஓரளவு சொல்லும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மீனிலிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருவது. காற்றுப்பை உள்ள பன்னா, களவாய், கவலை எல்லாம் பளிச்சென்று தெரியும். வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் காற்றுப்பை இல்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் கணவாய்க்கும் இல்லை. நல்ல எடையுள்ள வஞ்சிரம் திரையில் சின்னப் பன்னாவைவிட மங்கலாக வரலாம். கவலைக் கூட்டத்தின் ஓரத்தில் மெல்லிய, சாய்ந்த கோடுகள் ஓடினால், கூட்டம் திடீரென்று இறுகிக் கீழே இறங்கினால், அங்கே வஞ்சிரமோ பாறை மீனோ வேட்டையாடுகிறது என்று கொள்ளலாம். விலை உள்ள மீன் அந்த மெல்லிய கோடுதான். கெயினைக் குறைத்து வைத்தவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

நெத்திலியும் கவலையும் பகலில் நடுத்தண்ணீரில் இறுகிய திட்டாகவோ தூணாகவோ வரும். இருட்டியதும் கூட்டம் கலைந்து மேலே பரவும், திரையில் தூறல்போலப் புள்ளிகள் மட்டும் இருக்கும். காலையில் பார்த்த வடிவத்தை இரவில் தேடக் கூடாது.

மீனல்லாதவை பல. முதல் ஓரிரு மீட்டரில் எப்போதும் தெரியும் குழப்பம் அலையும் குமிழியும். அதற்குள் மீன் தேடாதீர்கள். ஒரே ஆழத்தில் மைல் கணக்காக ஓடும் மங்கல் பட்டை மிதவை உயிர்களோ, வெப்பம் மாறும் நீரடுக்கோ. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்றுநீர் கலந்து மேலே நன்னீர் அடுக்கு ஓடும்போதும் இப்படி வரலாம். அந்தப் பட்டையின் விளிம்பில் மீன் மேய்வதுண்டு. சொறி கூட்டமாக வந்தால் மென்மையான மேகம்போல, உள்ளே அழுத்தமான கரு இல்லாமல் தெரியும். மேலிருந்து கீழ்வரை சாய்வாக, ஒரே இடைவெளியில் ஓடும் புள்ளிக்கோடு பக்கத்துப் படகின் கருவி போடும் சத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது இந்தத் தொல்லை குறையும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது நல்ல காலம்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஒற்றையாக, தடித்து, நடுத்தண்ணீரில் மேலே ஏறும் குறி ஒன்று வந்தால் நின்று பாருங்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமையாக இருக்கலாம். அதன் நுரையீரலில் உள்ள காற்று பெரிய மீனைப் போலவே எதிரொலிக்கும். சற்று நேரத்தில் மூச்சு வாங்கத் தலை தூக்கினால் வலையை வேறு பக்கம் விடுங்கள். வலையில் சிக்கிய ஆமை மூச்சுமுட்டிச் சாகும், வலையும் போகும்.

திருக வேண்டியவை

திரையில் குட்டி மீன் படம் காட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அது குமிழிக்கும் மீன் படம் போடும், கூட்டத்துக்கும் ஒற்றை மீன் படம் போடும். எதிரொலியை நீங்கள் படிக்க வேண்டும், கருவி உங்களுக்காக ஊகிக்க விடக் கூடாது.

கெயினைத் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி வரும்வரை கூட்டி, பிறகு குறைத்துக்கொண்டே வந்து, புள்ளிகள் மறையும் இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்துங்கள். ஆழம் மாறினால் மறுபடி செய்யுங்கள். படம் நகரும் வேகத்தைப் படகின் வேகத்தோடு ஒட்டி வையுங்கள். நீர் வகை 'உப்புநீர்' என்று இருக்கிறதா பாருங்கள். ஏரியில் சோதித்துவிட்டு அப்படியே கடலுக்குக் கொண்டுவரும் கருவிகள் நன்னீரில் நிற்கும்.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் கொண்டு கடலின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் பார்த்து, மீன் கூடும் பகுதிகளை அறிவிக்கிறது. அது போக வேண்டிய பகுதியைச் சொல்லும், கீழே இருப்பதைச் சொல்லாது. அறிவிப்பும் எக்கோவும் சேர்ந்தால் டீசல் மிச்சமாகும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எதிரே தடை செய்யப்பட்ட பகுதியில் திரை எதைக் காட்டினாலும் போக வேண்டாம். நெம்மேலிக்கு நேரே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் குழாய்கள் கடலுக்குள் வருகின்றன. அங்கே வலை விடுமுன் தரைக்கோட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கலங்கரை விளக்கத்தையும் திருக்கழுக்குன்ற மலையையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துப் பாரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பார்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களை ஒரு நாள் படகில் ஏற்றிப் போய், அவர்கள் காட்டும் இடத்தில் எக்கோவை ஓட்டி, ஜிபிஎஸ் எண்ணையும் ஆழத்தையும் தரையின் வகையையும் அவர்கள் சொல்லும் பாரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆழத்தை மீட்டரிலும் பாகத்திலும் எழுதுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.